ஹையான் சூறாவளி: 315ஆ, 230ஆ?

2013 நவம்பரில் பிலிப்பீன்ஸில் 6,000க்கும் அதிகமானோரைப் பலிவாங்கியது ஹையான் சூறாவளி.

அதன் உச்ச வேகம்?

மணிக்கு 315 கிலோமீட்டர் என்றது அமெரிக்க ராணுவத்தின் சூறாவளி எச்சரிக்கை நிலையம். ஜப்பானிய வானிலை ஆய்வகம் சொன்னதோ 230!

ஏன் இவ்ளோ வித்தியாசம்?

அமெரிக்கக் கணக்கு 1 நிமிடச் சராசரி. ஜப்பானியக் கணக்கு 10 நிமிடச் சராசரி. நேரம் கூடினால் சராசரி வேகம் குறையும். ஆனா, அது மட்டுமே காரணமில்லை.

இரண்டுமே கடலில் நேரடியாக அளந்தவை அல்ல. மேற்குப் பசிபிக் சூறாவளிகளுக்குள் வழக்கமாக விமானம் அனுப்புவதை அமெரிக்கா 1987இல் நிறுத்திவிட்டது.

அப்புறம் எப்படிக் கணிக்கிறாங்க?

துணைக்கோளப் படத்தை வைத்துத்தான். சூறாவளியின் கண் எவ்வளவு வெப்பம், சுற்றியுள்ள மேகம் எவ்வளவு குளிர் என்று பார்த்து எண் கொடுப்பார்கள். அது டுவோராக் முறை. அதன் உச்ச எண் 8. ஹையான் அதைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் கொடுக்க எண் இல்லை.