நத்தை, சாட்டை, சிரிப்பு: அங்கதத்தை வாசிக்கக் கற்போம்

செம்பரம்பாக்கத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் கூடிப் படிக்கிறோம். கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வரும் தம்பி தங்கைகள் எனப் பத்துப் பதினைந்து பேர். ஒருநாள் ஒரு தம்பி, தன் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைக் காட்டிச் சிரித்தார். ஓட்டப்பந்தயம். எல்லோரும் கோட்டில் நிற்க, ஒருவன் மட்டும் பாதித் தூரத்தில் நிற்கிறான். அவன் முதுகில் ‘கோட்டா’ என்று எழுதியிருக்கிறது. “இவன் யாரு தம்பி?” என்று கேட்டோம். சிரிப்பு நின்றது. அதற்குள் அவர் அதை மூன்று பேருக்கு அனுப்பியிருந்தார்.

நம்மைக் குத்தும் கேலியை நாமே சுமந்து போய்ச் சேர்க்கும் நிலை இது. அங்கதத்தை வாசிக்கத் தெரியாததன் விலை தேர்வில் போகும் இரண்டு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. அதனால்தான் அன்று எடுத்து வைத்திருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு இதையே பேசினோம். அந்தப் பேச்சின் விரிவுதான் இந்தக் கட்டுரை.

அங்கதம் தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் அதைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகத் தாக்குவது முதல் வகை. பழியை மறைத்துச் சொல்வது இரண்டாவது. பள்ளியில் படித்த வஞ்சப் புகழ்ச்சி அணியை நினைத்துப் பாருங்கள். நாம் வாழும் இந்தத் தொண்டை நாட்டு மன்னனிடமே அவ்வை தூது போகிறார். அவன் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். உன் வேல்கள் நெய் பூசி, மாலை சூடி அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் அவ்வை. புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. சொற்களை மட்டும் பார்த்தால் தொண்டைமானுக்குப் பாராட்டு. எந்த வேல் போருக்குப் போனது என்று கேட்டால் பொருள் தலைகீழாகிறது.

ஆக, முரணைப் பிடிக்க அகராதி போதாது. யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னார் என்ற வரலாறு வேண்டும். அந்த வரலாறு இல்லாமல் ஒரு கேலிச்சித்திரத்தை வகுப்பறையில் வைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

2006இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில், சங்கர் 1949இல் வரைந்த ஒரு கேலிச்சித்திரம் இருந்தது. அரசமைப்புச் சட்டம் என்ற நத்தையின் மேல் அண்ணல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. நேருவின் சாட்டை நத்தைக்கா, நத்தை மேல் இருப்பவருக்கா? அரசமைப்பை எழுத ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று யோசிக்கும்படி படத்தின் கீழே மாணவர்களிடம் கேட்கப்பட்டிருந்தது. மனப்பாடத்தை விட்டுக் கேள்வி கேட்கப் பழக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட நூல் அது என்பதையும் சொல்ல வேண்டும்.

2012 மே மாதம் தோழர் தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். படத்தை நீக்குவதாக அன்றைய அமைச்சர் கபில் சிபல் அறிவித்தார். நூலின் தலைமை ஆலோசகர்களான சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினர். புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அறை தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் ஊடகங்கள் அன்று நமக்கு ஒட்டிய பட்டத்தையும் ஏற்கவில்லை. தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்றார்கள்.

நேருவை எடுத்துக்காட்டாக வைத்தார்கள். என்னையும் விட்டுவைக்காதே என்று அவரே சங்கரிடம் சொன்னார் அல்லவா என்றார்கள். சொன்னார்தான். பிரதமர் நாற்காலியில் இருப்பவர் தன்னைக் கேலி செய்யச் சொல்லலாம். அந்தச் சிரிப்பால் அவர் பெருமை கூடும். ‘கோட்டா’ என்ற ஒற்றைச் சொல்லோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, சுற்றி நின்று சிரிக்கும் கூட்டம் படத்துக்குள் மட்டும் இருப்பதில்லை.

அந்தப் படம் எந்தத் தொடர்ச்சியில் வந்தது என்பதும் முக்கியம். உன்னமதி சியாம சுந்தர் 1932 முதல் 1956 வரை ஆங்கில இதழ்களில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் தேடியெடுத்து 2019இல் நூலாக்கினார். ஒரு படத்தைத் தனியே பார்த்தால் ‘சும்மா ஒரு ஜோக்’. நூறு படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு தலைவரைச் சிறுமைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் கண்ணில் படும். பாடநூலில் அந்த ஒரு படம் இருந்தது. வரிசை இல்லை.

பாடநூல் கேட்ட கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. 1948 நவம்பர் 5 அன்று அரசமைப்பு அவையில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேசினார். வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், இன்னொருவர் அரசாங்க வேலைகளில் மூழ்கிவிட்டார், ஓரிருவர் டெல்லியிலிருந்து தொலைவில் இருந்தனர், கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்றார். இதை அருகில் வைத்துவிட்டு நத்தையை மீண்டும் பாருங்கள். ஏறி உட்கார்ந்திருப்பவராக வரையப்பட்டவர்தான் உண்மையில் சுமந்தவர்.

அம்பேத்கரும் பதில் சொன்னார். 1949 நவம்பர் 25 அன்று, அவை கூடி 2 ஆண்டு 11 மாதம் 17 நாள் ஆனதைத் தானே கணக்கிட்டுச் சொன்னார். அமெரிக்கா 4 மாதத்தில் முடித்தது, ஆஸ்திரேலியாவுக்கு 9 ஆண்டுகள் ஆயின என்று ஒப்பிட்டார். நம்முடையதில் 395 பிரிவுகள், எதிர்கொண்ட திருத்தங்கள் 2,473 என்று எண்ணிக் காட்டினார். பிறகு கேலிக்கு வந்தார். வரைவுக் குழுவின் ஆங்கிலப் பெயரை நசிருதீன் அகமது என்ற உறுப்பினர் ஓர் எழுத்து மாற்றி, ‘திசையின்றி மிதக்கும் குழு’ என்று பொருள்படும்படி கிண்டல் செய்திருந்தார். அம்பேத்கர் கோபப்படவில்லை. அந்தச் சொல்லையே கையில் எடுத்தார். ஆளத் தெரியாமல் மிதப்பதும் ஆளுமையோடு மிதப்பதும் வேறு வேறு, நாங்கள் ஏதாவது மீன் மாட்டாதா என்று தூண்டில் போடவில்லை, தெரிந்த நீரில் தேடிய மீனைத்தான் தேடினோம் என்ற பொருளில் பதிலடி கொடுத்தார். நமக்கா நகைச்சுவை உணர்வு இல்லை?

இந்த உரையைப் படத்தின் எதிர்ப்பக்கத்தில் வைத்திருந்தால் அது எவ்வளவு பெரிய பாடமாக இருந்திருக்கும்! பாடநூல்களை ஆராய எஸ்.கே. தோரட் தலைமையில் அமைந்த குழு சில படங்களை நீக்கப் பரிந்துரைத்தது. அதில் உறுப்பினராக இருந்த நம் தமிழ் வரலாற்றாசிரியர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் உடன்படாமல் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். சாதியின் அதிகாரத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் அவர். எங்கள் நிலைப்பாடும் இங்கேதான் நிற்கிறது. அந்த வலி உண்மை, அந்த எதிர்ப்பு நியாயம். ஆனால் படம் போனபோது அதை எதிர்த்து வாசிக்கும் வாய்ப்பும் சேர்ந்தே போனது. பாடநூலிலிருந்து எடுக்கலாம். வாட்ஸ்அப்பிலிருந்து யார் எடுப்பது?

நம் முன்னோர் கேலிக்கு ஒதுங்கி நின்றவர்கள் அல்லர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவாக வீசப்பட்ட சொல்லைத் தலைப்பாக அச்சடித்து, காசு கொடுத்து வாங்க வைத்தார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரோ, அந்தப் பெயரே பகைவர் சூட்டியது என்று மறுத்தார். அதோடு நிற்காமல் எதிராளிக்கு ‘வேஷ பிராமணர்’ என்று பெயர் சூட்டினார். உயர்ந்தவர் என்று சொல்லிக்கொள்பவர் வேஷம் கட்டியவர் என்றால், உண்மையானவர் யார் என்ற கேள்வி தானாக எழும். இருவரின் வழியும் வேறு. பெயர் வைக்கும் அதிகாரம் யார் கையில் என்று கேட்டதில் இருவரும் ஒன்றே.

அன்று வகுப்பில் நாங்கள் நான்கு கேள்விகளைப் பலகையில் எழுதினோம். சிரிப்பவர் யார்? சிரிக்கப்படுபவர் யார்? இருவரில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இந்தச் சிரிப்பு எதைக் கண்ணிலிருந்து மறைக்கிறது? கயவரைத் தேவரோடு ஒப்பிடும் குறளுக்கும் இவை பொருந்தும். சினிமாவில் வரும் ‘காமெடி’க்கும் பொருந்தும். நம் மேடைகளில் நம் தோழர்கள் பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் வைத்துச் செய்யும் கிண்டலுக்கும் பொருந்தும். அங்கே இந்தக் கேள்விகளை நாம் கேட்காவிட்டால் நத்தையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நாமும் ஒருவர்தான்.

பிறகு அந்த ஓட்டப்பந்தயப் படத்துக்குத் திரும்பினோம். நான்காவது கேள்வியில் ஒரு தங்கை கை தூக்கினார். “அண்ணா, இந்த மைதானத்துக்குள்ள நம்மள எப்போ விட்டாங்கன்னு படத்துல இல்லையே!” தம்பி போனை எடுத்தார். அனுப்பிய மூன்று பேருக்கும் அந்தக் கேள்வியையே அனுப்பினார்.

தோழர்களே, அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால் அழிப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து வாசியுங்கள். 1949 நவம்பர் 25 உரையை முழுதாகப் படியுங்கள். வாசித்துவிட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் நன்றாகச் சிரியுங்கள்.

ஜெய் பீம்.