மிளகு போய் மிளகாய் வந்த கதை

சென்ற மாதம் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் என் தகப்பனாருடைய திதி வந்தது. பிராமணாள் சாப்பிட்டு எழுந்து, எங்களுக்கு இலை போடும்போது மணி இரண்டு. என் பேரன் ரசம் சாதத்தில் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "பாட்டி, மிளகாய் போட மறந்துட்டியா?" என்றான்.

"இன்னிக்கு மிளகாய் கூடாதுடா. அது சீமைச் சரக்கு" என்றாள் பாட்டி.

சரித்திரப் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேச வேண்டியதை என் மனைவி ஒரு நொடியில் சொல்லிவிட்டாள்! மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தெவசச் சமையலில் சேர்ப்பதில்லை. மூன்றுக்கும் பூர்விகம் அமெரிக்கா. ஆக, வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நம் அடுப்பங்கரை 1492-க்கு முந்திய காலத்துக்குப் போய்விடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்கும் ஒரு முக்கிய காரணம் நம் மிளகுதான். கீழ்த்திசை வாசனைச் சரக்குகளுக்கு ஐரோப்பாவில் அவ்வளவு கிராக்கி. மேற்கே போய்க் கிழக்கைப் பிடிக்கலாம் என்று 1492-ல் கப்பல் ஏறினான் கொலம்பஸ். மிளகு கிடைக்கவில்லை, மிளகாய்தான் கிடைத்தது. 'இது மிளகைவிட மேலானது' என்ற கருத்தில் குறித்தும் வைத்தான். 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வழி கண்டான். 1500-ல் கப்ரால் என்ற போர்ச்சுகீசியன் ஒரே பயணத்தில் பிரேஸில் கரையையும் தொட்டு, கள்ளிக்கோட்டைக்கும் வந்து சேர்ந்தான். இரண்டு கரைகளுக்கும் முடிச்சு விழுந்தது.

அதன் பிறகு முந்திரி, அன்னாசி, கொய்யா, புகையிலை எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. மிளகுக் கொடிக்கு மலைநாட்டு மழை வேண்டும். மிளகாய்ச் செடிக்கு ராமநாதபுரத்துக் கரிசல் போதும், கொல்லைப்புறம் போதும். ஏழை வீட்டு உறைப்பாக வந்தது, எல்லார் வீட்டு உறைப்பாகிவிட்டது. பெயரில் மட்டும் பழைய எஜமானனை விடாமல் 'மிளகாய்' என்றே நிற்கிறது! பறங்கிக்காயோ தன்னோடு வந்தவர்களின் பெயரையே வைத்துக்கொண்டது. சர்க்கரைவள்ளியும் அக்கரைக் கிழங்குதான். ஆனால் சில வீடுகளில் தெவச இலையிலேயே சாமர்த்தியமாக இடம் பிடித்துவிட்டது.

இந்த ருசிக்கு விலை கொடுத்தவர்கள் யார்? கப்பலோடு அம்மையும் அக்கரைக்குப் போயிற்று. 1520-ல் மெக்ஸிகோவில் அது ஊர் ஊராகச் சூறையாடியது. நோயும், போரும், அடிமை வேலையுமாக ஒன்றரை நூற்றாண்டுக்குள் அமெரிக்க ஆதிக்குடிகளில் பத்துக்கு ஒன்பது பேர் மாண்டிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த மண்ணில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் கோடிப் பேரை விலங்கிட்டுக் கப்பலேற்றினார்கள்.

நம் ஊரும் தப்பவில்லை. 1520-களில் போர்ச்சுகீசியர் மயிலைக் கடற்கரையில் சாந்தோமை நிறுவினார்கள். கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோவில் அவர்கள் காலத்தில் அழிந்தது என்பது ஊர் வழக்கு. சாந்தோமில் அகப்பட்ட கல்வெட்டுத் துண்டுகளும் அங்கே பழைய கோவில் ஒன்று இருந்ததைச் சொல்கின்றன. இன்று நாம் கும்பிடும் கோவில் பிறகு உள்ளே தள்ளிக் கட்டியது. ஆனாலும் மயிலைக்குத் திரும்பக் கட்ட ஆள் இருந்தது. அக்கரையில் எத்தனையோ ஊர்களில் அதற்கும் ஆள் இல்லை.

மறுநாள் விடியற்காலை தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தேன். பித்ருக்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, தாய், தந்தை, பந்து என்று யாருமே இல்லாமல் போனவர்களுக்காகவும் ஒரு தடவை எள்ளும் நீரும் விடுகிறோம் அல்லவா? இத்தனை வருஷமாக அதை அவசர அவசரமாகவே முடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அன்று கை கொஞ்சம் நிதானித்தது.

பகல் சமையலில் மிளகாய் திரும்பிவிட்டது. பேரன் இரண்டு கரண்டி ரசம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.