நீதியில்லாமல் சமாதானமா? - தென்னாப்பிரிக்கா தரும் பாடம்

கல்லூரி நாட்களைப் பற்றி எழுத இந்த மலரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் வரலாறு படித்தவன். நம் காலத்துப் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சரித்திரத்தை எழுதலாமென்று நினைத்தேன். ஒரே பைபிளை வைத்துக்கொண்டு ஒரு சாரார் ஒடுக்கினார்கள், இன்னொரு சாரார் விடுதலை கேட்டார்கள். இது தென்னாப்பிரிக்காவில் நடந்தது.

இன ஒதுக்கல் 1948 தேர்தலில் திடீரென்று முளைத்ததல்ல. 1857-லேயே டச்சு சீர்திருத்தச் சபையின் கேப் சினாடு ஒரு தீர்மானம் போட்டது. எல்லோரும் சேர்ந்து ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றது. அதென்ன பலவீனம்? கறுப்பரோடு ஒரே பந்தியில் நற்கருணை வாங்க வெள்ளையருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்! சலுகையாக வந்தது சட்டமாகிவிட்டது. 1881-ல் கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே உண்டானது. 1948-ல் இன ஒதுக்கலை அரசுக் கொள்கையாக்கிய பிரதமர் மலான், இதே டச்சு சபையில் போதகராக இருந்தவர்.

1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பரில் காட்டஸ்லோ என்ற இடத்தில் சபைத் தலைவர்கள் கூடி, இனப் பாகுபாட்டை மென்மையாகத்தான் கண்டித்தார்கள். பிரதமர் வெர்வூர்ட் முகம் சுளித்ததும் டச்சு சபை பின்வாங்கியது. பின்வாங்காத போதகர் பெயர்ஸ் நவ்டே. வெள்ளையரின் ரகசிய அமைப்பான புரூடர்பாண்டை நிறுவியவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். மகனோ 1963-ல் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கி, கிறிஸ்தவ இன்ஸ்டிட்யூட்டை நடத்தினார். 1977-ல் அரசு அதை மூடி, அவருக்கும் ஏழு வருஷம் வாய்ப்பூட்டுப் போட்டது.

1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகள், இன ஒதுக்கல் பாவம், அதற்கு வேதத்தைச் சாட்சி இழுப்பது துர்உபதேசம் என்று அறிவித்தன. கலப்பினத்தவர் சபை அதே வருஷம் எழுதத் தொடங்கிய பெல்ஹார் அறிக்கையை 1986-ல் ஏற்றது.

என் மனதில் ஆழமாகத் தங்கியது 1985-ன் கைரோஸ் ஆவணம். அது மூன்று இறையியல்களைப் பிரித்துக் காட்டியது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று ரோமர் 13-ஐக் காட்டி மிரட்டுவது ஒன்று. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்து, 'சமாதானமாப் போங்கப்பா' என்பது இரண்டாவது. அநீதியை அநீதி என்றே சொல்லி, ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்பது மூன்றாவது. பல சபைகளைக் குத்தியது அந்த இரண்டாவதுதான்.

1994-ல் மண்டேலா ஜனாதிபதியானார். 1996 ஏப்ரலில் பேராயர் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. உண்மையை முழுசாகச் சொன்னவர்களுக்குப் பொதுமன்னிப்பு கிடைக்கும் என்பது ஏற்பாடு. சுமார் 7,000 பேர் மனுக் கொடுத்தார்கள், 849 பேருக்குக் கிடைத்தது. பழிக்குப் பழி வாங்கும் ரத்த ஆற்றில் நாடு இறங்காமல் இருந்ததில் அந்த ஆணையத்துக்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் பாதிக்கப்பட்டவர் நிலை? போலீஸ் காவலில் 1977-ல் மாண்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார், மன்னிப்பைக் கொடுக்க வேண்டியது நாங்களல்லவா என்று அரசியல் சட்ட நீதிமன்றம் போய் 1996-ல் தோற்றார்கள். ஆணையம் ஆறு வருஷ உதவித்தொகை பரிந்துரைத்தது. அரசு 2003-ல் ஒரே தவணையாக ஆளுக்கு 30,000 ராண்ட் கொடுத்ததோடு சரி. பணக்காரர்மீது விசேஷ வரி என்ற யோசனையும் நிறைவேறவில்லை. ஓட்டு கைமாறியது, நிலமும் செல்வமும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இங்கேதான் எனக்குச் சகேயு ஞாபகம் வருகிறது. இயேசு வீட்டுக்கு வந்ததும் அவன் வாயால் மட்டும் வருந்தவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மனந்திரும்புதலுக்கு ஒரு கணக்கு உண்டு. மன்னிப்பு மட்டும் நடந்து, திருப்பிக் கொடுத்தல் நடக்காவிட்டால், பாரம் முழுக்க அடிபட்டவன் தலையிலேயே விழும்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் எந்தச் சபையிலோ சங்கத்திலோ பஞ்சாயத்திலோ உட்கார்ந்தாலும், "பழசை மறந்துடுங்க" என்று யாராவது சொன்னால், சொல்பவர் யார், மறக்க வேண்டியவர் யார் என்று முதலில் பாருங்கள். வரலாறு படித்ததன் பலன் அதுதான் என்பேன்.