முதலீட்டு ஆய்வும் ஆய்வாளர் வழிமரபும்

ரேணிகுண்டாவுக்குக் கிழக்கே, 1960 எல்லை மாற்றத்தில் செங்கல்பட்டிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குச் சென்ற சத்தியவேட்டை ஒட்டி ஸ்ரீசிட்டி உள்ளது. அங்குள்ள கிரியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி, 1970இல் சென்னையில் தோன்றிய ஐஎஃப்எம்ஆர் என்னும் நிதி மேலாண்மை ஆய்வு நிறுவனத்தின் தொடர்ச்சி. அதைத் தோற்றுவித்தோருள் முதன்மையானது ஐசிஐசிஐ. அன்று அது தொழிற்சாலைகளுக்கு நீண்டகாலக் கடன் வழங்கிய அமைப்பு. ஆகவே முதலீடு என்றால் ஆலையின் மூலதனம்.

தெருவோர வணிகரும் 'முதல்' என்றே சொல்கிறார் என்பதை மொழியியல் பயின்றவர் மறக்க இயலாது. அந்த முதலை ஆராய வேறு பின்னணியினர் வரவேண்டியிருந்தது. அபிஜித் பானர்ஜி கொல்கத்தாவிலும் தில்லியிலும் பயின்று ஹார்வர்டு சென்றவர். எஸ்தர் டுஃப்லோ பாரிஸில் வரலாறும் கற்றவர். இவர்கள் ஐஎஃப்எம்ஆரின் நுண்நிதி மையத்துடன் இணைந்து ஐதராபாத்தின் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டனர். குலுக்கல் முறையில் 52இல் மட்டும் முதலில் நுண்கடன் கிளைகள் திறக்கப்பட்டன. நிதியளித்தோருள் ஐசிஐசிஐ வங்கியும் உண்டு என்பது சுவையான முரண். 2015இல் வெளியான முடிவின்படி சிறுதொழில் முதலீடு கூடியது. கல்வியிலும் உடல்நலத்திலும் பெண்களின் அதிகாரத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வங்கியாளர் மட்டுமே நிரம்பிய அவை இக்கேள்வியை எழுப்பியிருக்குமா என்பது ஐயமே.

2018இல் தொடங்கிய கிரியாவின் துணைவேந்தர்களோ பொருளியலாளர் சுந்தர் ராமசுவாமி, சூழலியல் வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன், அரசியல் அறிவியலாளர் நிர்மலா ராவ். தொழில்துறை ஆட்சிக்குழுவின் பக்கம் நின்றது: அசோக் லேலண்டை நடத்திய ஆர். சேஷசாயி அங்கேதான் இருந்தார்.