மன்றுபாடும் தலைக்கட்டு வரியும்: வடசென்னைக் கடற்கரை ஊர்மன்றங்களின் பொருள்நிலை

நீதி வழங்கினோர் யாவர் என்னும் வினா நம் வரலாற்று நூல்களிற் பலகாலும் எழுப்பப்பட்டுள்ளது. அதற்கு ஆகும் பொருள் யாண்டிருந்து வந்தது என்னும் வினாவோ அருகியே காணப்படுகின்றது. எந்த மன்றமும் தன்னைப் புரப்பாரை நோக்கியே நிற்கும் ஆகலின், பின்னையதனை ஆராயாது முன்னையதனைத் தெளிதல் அரிது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடற்கரைப் பகுதிகளில் வாழும் மீனவரின் ஊர்மன்றங்களைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மதுரைக்காஞ்சி கூறும் அறங்கூறவையம் அரசன் தலைநகரில் இருந்தது. அதனைப் புரந்தவன் அரசன் எனக் கொள்ளுதல் பொருந்தும். ஊர்மன்றங்களின் நிலை வேறு. கல்வெட்டுக்களிற் பயிலும் ‘மன்றுபாடு’ என்னும் சொல், மன்றத்தில் விதிக்கப்பட்ட தண்டத்தால் வரும் வருவாயைக் குறிப்பதாக அறிஞர் பொருள் கொள்வர். கருதாது கொலை நேர்ந்தவிடத்து, குற்றமுடையான் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் அளித்தான் எனக் கூறும் சோழர் காலக் கல்வெட்டுக்களும் பலவாம். தண்டம் நடுவர் கைக்குச் செல்லாது ஊர்ப்பொதுவிற்கு உரியதாயிற்று என்பது இவற்றால் விளங்கும்.

இம்மரபின் ஒரு கூறு கடற்கரையில் நெடுங்காலம் நிலைத்தது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூல், பட்டினவர் ஊர்தோறும் எசமானன் என்னும் தலைவனும் தண்டக்காரன் என்னும் துணைவனும் இருந்தனர் என்றும், அப்பதவிகள் வழிவழி வந்தன என்றும் கூறுகின்றது. வசைமொழி, அடிதடி, பெரியோரை இகழ்தல் முதலியன அம்மன்றத்தில் வழக்காயின. அரசு நீதிமன்றில் தீர்ந்த வழக்கும் மீண்டும் ஊர்மன்றிற்கு வரவேண்டும் என்னும் வழக்கமும் இருந்தது. தண்டக்காரன் என்னும் பெயர் ‘தண்டுதல்’ என்னும் வினையோடு இயைபுடையதாயின், தீர்ப்பும் வரித்தொகுப்பும் ஓரிடத்தே இணைந்து நின்றன எனக் கருதலாம்.

இம்மன்றங்களின் பொருள் மூவழி வந்தது. குடும்பத்திற்கு இவ்வளவு எனப் பிரிக்கும் தலைக்கட்டு வரி ஒன்று, மீன் விற்பனையில் ஊருக்கென ஒதுக்கும் பங்கு மற்றொன்று, தண்டத்தொகை மூன்றாவது. இப்பொருளே கோயில் விழாவிற்கும், கடலில் இறந்தார் குடும்பத்திற்கும், வழக்குச் செலவிற்கும் பயன்பட்டது. இராயபுரத்தில் மசூலாப் படகோட்டிகள் தம் உழைப்பின் பயனாகத் தூய பேதுரு தேவாலயத்தை எழுப்பியதும் இத்தகைய பொதுப்பொருள் மரபிற்குச் சான்றாம்.

பிறர் கையை எதிர்பாராமை இம்மன்றங்களின் சிறப்பு. அச்சிறப்பே அவற்றின் குறையுமாயிற்று. வரி செலுத்துவோனே மன்றத்திற்கு உரியவன். ஆகவே ஆடவர் அவையில் அமர்ந்தனர். மீன் விற்றுக் குடும்பம் காத்த மகளிர்க்கு ஆண்டு இடமில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் கையாற் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினர். அவர் தலைக்கட்டுக் கணக்கில் அடங்காதவர் ஆகலின், அம்மன்றம் அவர்தம் மன்றமாதல் இல்லை. ஊர்விலக்கு என்னும் கொடிய தண்டமும் மறத்தற்குரியதன்று. கட்டப்பஞ்சாயத்து சட்டத்திற்கு மாறானது என உச்சநீதிமன்றம் 2011இல் ஆறுமுக சேர்வை வழக்கிற் கூறியது இத்தகைய கொடுமைகளை நோக்கியே என்க.

தொழிற்சாலைகள் எழுந்தபின் வழக்கின் இயல்பே மாறிற்று. வலைக்கும் வலைக்கும் இடையே எழும் பூசலை ஊர்மன்றம் தீர்க்கும். கழிமுகத்திற் படியும் சாம்பலையும் எண்ணெயையும் அது விசாரித்தல் யாங்ஙனம்? 2017 சனவரி 28இல் எண்ணூர்க்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவிற்று. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்திற் புகுந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே வழக்கை எடுத்துக்கொண்டது. தமிழக அரசு அறிவித்த துயர்நீக்கத் தொகை 8.68 கோடி ரூபாய். பாதிக்கப்பட்ட 2,301 மீனவர் குடும்பங்கட்குத் தலைக்கு 12,500 ரூபாய், 787 படகுகட்குத் தலைக்கு 10,000 ரூபாய் என்பன அதனுள் அடங்கும். தலைக்கட்டு வரியால் தொகுத்த பொருள், அறிவியற் சான்றும் வழக்கறிஞரும் வேண்டும் இத்தகைய வழக்கிற்குப் போதாது என்பது வெளிப்படை.

அரசு தரும் துணை யாது? 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பழங்குடியினர், மகளிர், தொழிற்பேரிடரால் நலிந்தோர் ஆகியோர்க்கு இலவசச் சட்ட உதவி உரிமை வழங்குகின்றது. இஃது அரியதே, எனினும் தனியொருவர்க்கு வழக்கறிஞரை அளிப்பதன்றி, ஊரவைக்குப் பொருள் அளிப்பதன்று. பழங்குடியினர் தம் வழக்காற்றின்படி பிணக்குத் தீர்க்கும் உரிமையை 1996ஆம் ஆண்டுச் சட்டம் கிராமசபைக்கு அளித்தது. அஃது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகட்கே உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி இல்லை. ஆகவே எண்ணூர் இருளர்க்கு அச்சட்டம் பயன்படுமாறில்லை.

கனடா நாடு 1991இல் தொல்குடியினரின் சமூக நீதித் திட்டங்கட்கு நடுவணரசின் பொருளுதவியைத் தொடங்கியது. மாநில அரசுகளும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆண்டுப் பொருள் அரசினது; நடத்துவோர் அம்மக்கள். அரசுப்பொருள் வருமிடத்து அரசின் விருப்பமும் உடன்வரும் என்னும் அச்சம் உண்டு. ஆயினும், உரிமையைப் பொருளோடு பிணைத்த பழைய முறையால் வறியோர் மன்றத்திற்குப் புறத்தே நின்றனர் என்பதனை நாம் மேலே கண்டோம்.

ஊர்ப்பொருளால் மட்டும் நடந்த மன்றம் தன்னுரிமை பெற்றது, எல்லார்க்கும் உரியதாகவில்லை. அரசுப்பொருளால் நடக்கும் நீதி எல்லார்க்கும் உரியது. ஊரின் குரலைக் கேட்பதில்லை. தண்டம் நடுவர்க்குச் சேராது பொதுவிற்குச் சேர்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. வரி செலுத்த இயலாதாரும் வழக்குரைக்க உரியர் என்பது அதனோடு இந்நாளில் இணைத்தற்குரியது. கழிமுகத்து இருளரும் மீன் விற்கும் மகளிரும் அமரும் அவைக்கே பொதுப்பொருள் உரியதாதல் தகும் என்பது எம் துணிபு.