அப்பா வைத்த 43 புள்ளிகள்

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழவேற்காட்டிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது சொந்த ஃபைபர் படகு வைத்துக் கடல் தொழில் செய்கிறான். பையிலிருந்து கைக்கடக்கமான ஒரு ஜிபிஎஸ் கருவியை எடுத்து மேசை மேல் வைத்தான். ரப்பர் பட்டன் இரண்டு தேய்ந்து உள்ளே போய்விட்டது. திரையில் பாதிக் கோடுகள் இல்லை.

"சார், புதுசு வாங்கிட்டேன். ஆனா இதுல அப்பா வெச்ச 43 புள்ளி இருக்கு. அதை எடுத்துக் கொடுங்க."

அவன் அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் புள்ளிகள் என்னவென்று கரைக்காரர்களுக்குத் தெரியும். வலை மாட்டிக் கிழியும் பாறைப் பாருகள், மீன் கூடும் இடங்கள், இரவில் முகத்துவாரத்துக்கு நேராக வரும் வழி. மற்றபடி குடும்பச் சொத்து என்று அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த அப்பாவுக்கே இளமையில் கருவி கிடையாது. கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். லைட் ஹவுஸும் அதன் பின்னால் ஒரு பனந்தோப்பும் ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளம், இன்னொரு கோடு. கோடுகள் வெட்டும் இடம்தான் பாரு. நான் கரும்பலகையில் வரைந்த வடிவியல்தான், அவர்கள் பலகையில்லாமல் செய்தார்கள். மேற்கே தெளிந்த காலையில் நாகலாபுரம் மலை தெரியும். பிற்காலத்தில் தெற்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் கணக்கில் சேர்ந்துகொண்டன. கரை மறைந்துவிட்டால் ஈயக்குண்டு கட்டிய கயிறு. எத்தனை பாகம் ஆழம், குண்டில் ஒட்டி வருவது சேறா மணலா என்று பார்ப்பார்கள். இரவில் கார்த்திகைக் கூட்டமும் விடிவெள்ளியும்.

இதைச் சொல்லும்போது நம் ஊர் டச்சுக் கோட்டை நினைவுக்கு வருகிறது. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமே பழவேற்காடுதான். அவ்வளவு பெரிய கப்பல்காரர்களுக்கும் நடுக்கடலில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது பாதிதான் தெரியும். வடக்கு தெற்கைச் சூரியனின் உயரத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கிழக்கு மேற்கு, அதாவது தீர்க்கரேகை, வெறும் அனுமானம். ஐரோப்பாவிலிருந்து ஜாவாவுக்குப் போகும் கப்பல்கள் தெற்கே இறங்கி, பலத்த மேல்காற்றில் கிழக்கே ஓடி, ஓரிடத்தில் வடக்கே திரும்ப வேண்டும். எப்போது திரும்புவது என்பதுதான் சிக்கல். 1629இல் 'படாவியா' என்ற கப்பல் கணக்குத் தப்பி, ஆஸ்திரேலியாவின் மேற்கே பவளப் பாறையில் ஏறி உடைந்தது.

தீர்க்கரேகைக்கு வேண்டியது கடிகாரம். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். பழவேற்காடு ஏறக்குறைய 80.3 டிகிரி கிழக்கு. நாலால் பெருக்குங்கள், 321 நிமிடம். அதாவது கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால். கப்பலில் கிரீனிச் நேரம் காட்டும் நல்ல கடிகாரம் இருந்தால், நடுப்பகலில் அதைப் பார்த்தே எவ்வளவு கிழக்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். கடலில் ஆடினாலும் பிசகாத கடிகாரத்தை ஜான் ஹாரிசன் என்ற தச்சர் செய்து, 1761இல்தான் அது கப்பலேறியது. நம் பக்கத்திலேயே 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கம்பெனி வானாய்வு நிலையம் கட்டியது. கப்பல் போக்குவரத்துக்கு உதவுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அங்கிருந்த கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு. சென்னை போகிறவர்கள் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

ஜிபிஎஸ்ஸும் கடிகார வேலைதான். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணிக்கிறது. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். நேரத்தில் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தூரத்தில் 300 மீட்டர் தவறும். அமெரிக்க ராணுவம் 1978இல் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது. பொதுமக்களுக்குத் தரும் அலையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். வீட்டளவு பாருவைத் தேட அது எதற்கு ஆகும்? 2000 மே மாதம் அந்தப் பிழையை நீக்கினார்கள். அதன் பிறகுதான் கருவி மீனவனுக்குக் கருவியானது. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகியபோது இவன் அப்பாவும் ஒன்று வாங்கினார்.

"தேதி வேற தப்பாக் காட்டுது சார். 19 வருஷம் 7 மாசம் பின்னால இருக்கு."

அதற்கும் காரணம் உண்டு. ஜிபிஎஸ் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணுகிறது. ஒதுக்கிய இடத்தில் 0 முதல் 1023 வரைதான் எழுத முடியும், பிறகு மீண்டும் பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை, 2019 ஏப்ரலில் ஒரு தடவை அப்படித் திரும்பியது. 1024 வாரம் என்றால் 7168 நாள். வகுத்துப் பாருங்கள், அவன் சொன்ன கணக்கு வரும். பெரும்பாலான பழைய கருவிகளில் தேதிதான் தப்பாகும், இடம் சரியாகவே இருக்கும். ஆகவே புள்ளிகளுக்கு ஆபத்தில்லை என்று சொன்னேன்.

ஆபத்து வேறிடத்தில் இருந்தது. அவனே நோட்டில் பத்துப் புள்ளிகளை எழுதி, புதுக் கருவியில் ஏற்றியும் விட்டிருந்தான். பழையது டிகிரி, மினிட் என்று காட்டுகிறது. புதியதில் தசம டிகிரி. உதாரணத்துக்கு (அவன் தொழில் ரகசியத்தை இங்கே எழுத மாட்டேன்) 13 டிகிரி 25.500 மினிட் என்பதை 13.255 என்று ஏற்றியிருந்தான். மினிட்டை 60ஆல் வகுக்க வேண்டும், 25.5 வகுத்தல் 60 சமம் 0.425. சரியான எண் 13.425. வித்தியாசம் 0.17 டிகிரி, அதாவது தெற்கே சுமார் 19 கிலோமீட்டர்! இருட்டில் முகத்துவாரத்தைத் தேடுகிறவனுக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். "எட்டாங்கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தேனேடா" என்றேன். சிரித்தான்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா நம் ஏரிக்கு அந்தப் பக்கம்தான். ராக்கெட் விடும் நாளில் நம் ஆட்கள் கடலுக்குப் போகக் கூடாது, அன்றைய வருமானம் போச்சு. நமக்கென்று நாவிக் அமைப்பின் செயற்கைக்கோள்கள் 2013 ஜூலை முதல் அங்கிருந்துதான் ஏறின. முதலில் அனுப்பியதில் வெளிநாட்டு அணுக்கடிகாரங்கள் மூன்றும் பழுதாகின. 2023 மே மாதம் ஏறியதில் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் இருந்தது. ஓகி புயலில் (2017) கன்னியாகுமரிப் பக்கம் எத்தனை பேரைப் பறிகொடுத்தோம். அதற்குப் பின் 2019இல் எச்சரிக்கை தரும் ஜெமினி கருவி வந்தது, ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழியில்லை. இருவழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை ஒரு லட்சம் படகுகளுக்குப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வேலை இழந்து கரையில் உட்கார்ந்த நாட்களுக்குக் கூலி இந்தக் கருவியாக வந்தால் சரி.

இரண்டு மாலை உட்கார்ந்து 43 புள்ளிகளையும் எழுதினோம். அவன் திரையைப் படிக்க, நான் எழுத, பிறகு நான் படிக்க அவன் சரிபார்க்க. ஆறு புள்ளிகள் முகத்துவாரத்துக்கானவை. மணல் அடைத்து அடைத்து முகத்துவாரம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றுக்குப் பயனில்லை என்றான். ஆனாலும் எழுதச் சொன்னான். மீதியை அவன் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினோம். அவருக்கு எண் தெரியாது. எந்தப் பாரு என்று ஆழத்தைச் சொன்னால், கரையில் எது எதோடு சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். பாதிப் பனைகள் இப்போது இல்லை.

உங்களில் யாராவது வீட்டில் பழைய கருவி வைத்திருந்தால், திரை அணைவதற்குள் நோட்டில் எழுதி வையுங்கள். எந்த முறையில் எழுதியது என்பதையும் மேலே குறித்துவிடுங்கள். கணக்கு இடித்தால் எனக்கு அனுப்புங்கள், சும்மாதான் இருக்கிறேன்.

17ஆம் புள்ளியும் 31ஆம் புள்ளியும் என்னவென்று சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. காற்று அடங்கினதும் போய் ஈயக்குண்டு போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார் என்று போயிருக்கிறான்.