மிதிவண்டி ஆலைகளும் வேலை இழந்தோரும்

பம்பாய் வாழ் தமிழருக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு நெருங்கியது. தாராவியிலிருந்து விடியுமுன் இட்டலிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிப் புறப்படும் நம்மவரை இந்நகரம் நன்கு அறியும். பலருக்குச் சோறிட்ட அவ்வண்டியைச் செய்த தொழிலாளரின் நிலை யாதாயிற்று என்பதும் நாம் அறியத்தக்கதே.

ஒரு காலத்தில் சைக்கிள்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. பின்னர் இந்நாட்டிலேயே ஆலைகள் தோன்றின. இந்நகரின் வொர்லியில் ஹிந்த் சைக்கிள்ஸ் இயங்கிற்று. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸும், 1951-இல் சோனிபட்டில் அட்லஸும், வங்கத்து ஆசன்சோலில் ராலே நிறுவனத்தின் கூட்டுறவுடன் சென்-ராலேயும் நிறுவப்பட்டன.

ஆயினும் வொர்லி, ஆசன்சோல் ஆலைகள் இரண்டும் நலிவுற்றன. அவற்றை மூடவிடாது காக்கக் கருதிய மத்திய அரசு, 1980-இல் சட்டம் இயற்றி இரண்டையும் நாட்டுடைமையாக்கிற்று. பெயர்ப்பலகை மாறியது, பிணி மாறவில்லை. இறுதியில் இரண்டும் மூடப்பட்டன.

காரணம் என்ன? பழைய ஆலைகள் பெரும்பாலான உறுப்புகளைத் தாமே செய்தன. லூதியானாவிலோ, சிறு பட்டறைகள் ஒவ்வோர் உறுப்பையும் மலிவாகச் செய்து குவித்தன. அவற்றின் துணைகொண்டு 1956-இல் தொடங்கிய ஹீரோ, 1986-இல் உலகிலேயே மிகுதியாகச் சைக்கிள் செய்யும் நிறுவனமெனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. தொழில் அழியவில்லை, இடம் பெயர்ந்தது. ஆனால் வீடும் மக்களும் பள்ளியும் இங்கிருக்க, தொழிலாளி அதன் பின்னே பெயர முடியுமோ?

இத்துயர் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ராலேயின் தாயகமாகிய நாட்டிங்ஹாமிலும் 2002-இல் உற்பத்தி நின்றது. அண்மையில், 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், தில்லியை அடுத்த சாகிபாபாத் அட்லஸ் ஆலைக்கு வேலைக்கு வந்தோர் வாயிலில் ஓர் அறிவிப்பைக் கண்டனர். மூலப்பொருள் வாங்கப் பணமில்லை. ஆகவே வேலையில்லை என்பதே அதன் சாரம். ஏறத்தாழ ஆயிரம் பேர் பிழைப்பிழந்த அந்நாள், உலக மிதிவண்டி நாள்!

ஆலையின் உடைமையை மாற்றச் சட்டம் உண்டு. சக்கரத்திற்குக் கோட்டம் எடுப்பதிலும் சட்டம் பற்றவைப்பதிலும் இருபது ஆண்டு தேர்ந்த கையை, நாற்பத்தைந்து வயதில் வேறு தொழிலில் அமர்த்தும் ஏற்பாடுதான் அரிது. நஷ்ட ஈடு சில மாதங்களில் கரையும். கற்ற தொழில் கரையாது, ஆனால் கேட்பாரற்றுக் கிடக்கும். ஆலை நலிவுறத் தொடங்கும்போதே தொழிலாளிக்கு மறுபயிற்சி அளிப்பதே மெய்யான காப்பு. அரசும் முதலாளியும் செய்யட்டும் எனக் காத்திராமல், நம் காலனி இளைஞருக்கு இரண்டாவதொரு கைத்தொழிலைக் கற்பிக்க நம் சங்கமும் முன்வருமாக!